கரியாலூர் முட்டையின் இருபத்தெட்டு நாட்கள்

ராஜாங்கம் இறந்த அன்று காலை ஏழு மணிக்கு முட்டையின் எடை பதினேழே கால் இருந்தது. முள்ளைப் பார்த்துச் சொன்னவள் அவர் மனைவி விஜயலட்சுமி. நோட்டில் எழுதியவர் ராஜாங்கம். எழுதி முடித்துப் பேனாவை மூடிச் சட்டைப் பையில் குத்திக்கொண்டு, காபியில் சர்க்கரை கம்மி என்றார். அவள் சர்க்கரை டப்பாவோடு திரும்பி வந்தபோது அவர் நாற்காலியிலேயே சாய்ந்திருந்தார். டாக்டர் வந்து ஏழரை என்று நேரம் குறித்தார். பேனா மூடியிருந்ததால் சட்டையில் மை கசியவில்லை. அன்று வந்த நூற்றுச் சொச்சம் பேரில் அதைக் கவனித்தது அவள் ஒருத்திதான்.

முட்டை கூடத்து அலமாரியின் மேல் ஒரு தகரத் தராசில் உட்கார்ந்திருந்தது. மளிகைக் கடையில் இருக்கிற மாதிரி இரண்டு தட்டுத் தராசு அல்ல. ஒரு பக்கம் முட்டை உட்காரும் குழி. மறுபக்கம் விசிறியை விரித்தது போல ஒரு தகடு, அதன் மேல் ஓடும் ஒரு முள். தகட்டில் பதினைந்திலிருந்து முப்பது வரை எண்கள். ஒரு காலத்தில் பச்சை பூசியிருந்ததற்கு அடையாளமாக இடுக்குகளில் மட்டும் பச்சை இருந்தது.

ராஜாங்கம் கால்நடை ஆய்வாளராகக் கல்வராயன் மலையில் பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்தவர். அங்கே கரியாலூரில் ஓர் அலுவலகத்தில் கழித்துப்போட்ட சாமான்களை ஏலம் விட்டபோது கை உடைந்த நாற்காலி ஒன்றைக் கேட்டார். நாற்காலியின் மேல் இந்தத் தராசு கிடந்தது. இரண்டும் சேர்த்துத்தான் ஏலம் என்றார்கள். நாற்காலியைக் கரையான் தின்றுவிட்டது. தராசு மிஞ்சியது. முதல் இரண்டு வருஷம் அதைத் தபால் நிறுக்கிற தராசு என்று நம்பி, வீட்டுக்குப் போடும் கடிதங்களை நிறுத்து நிறுத்து அனுப்பிக்கொண்டிருந்தார். அது முட்டைத் தராசு என்று தெரிந்த நாளிலிருந்து அவருக்கு வேறு பொழுதுபோக்கு தேவைப்படவில்லை.

ஓய்வு பெற்றுக் கள்ளக்குறிச்சியில் வீடு கட்டி வந்த பிறகு, 'முட்டைத் தராசின் வரலாறு' என்று தலைப்பிட்டு எழுத ஆரம்பித்தார். விஜயலட்சுமி தியாகதுருகத்தில் நூலகராக இருந்து ஓய்வு பெற்றவள். முப்பது வருஷம் புத்தகங்களுக்கு எண் போட்டவள் என்பதால், எழுதியதை அவளுக்குத்தான் படித்துக் காட்டுவார். அவள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்பாள். பாதி காதில் விழும், பாதி கீரைக் காம்போடு போகும்.

காதில் விழுந்த வரைக்கும் வரலாறு இதுதான். முட்டையை உலகம் முழுக்க எண்ணித்தான் விற்றார்கள். எண்ணி விற்கும்வரை கோழிக்கும் கவலையில்லை, வளர்ப்பவர்களுக்கும் கவலையில்லை. போன நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பட்டணத்து வியாபாரிகள், பெரிய முட்டைக்கு ஒரு விலை, சின்ன முட்டைக்கு ஒரு விலை என்றார்கள். எது பெரியது, எது சின்னது என்பதில் சண்டை வந்தது. இருபதுகளிலும் முப்பதுகளிலும் ஆளாளுக்கு ஒரு தராசு செய்து விற்றார்கள். தகரத்தில், அலுமினியத்தில், வார்ப்பிரும்பில். சிலதில் எண்ணுக்குப் பதில் நிறப் பட்டைகள், படிக்கத் தெரியாதவர்களுக்காக. பண்ணை வீட்டுப் பெண்கள் அடுப்படி மேஜையில் உட்கார்ந்து ஒவ்வொரு முட்டையாக வைத்து எடுத்துப் பிரித்தார்கள். பிறகு பெரிய கூடங்களில் முட்டைகளை ஓடவிட்டுத் தானே பிரிக்கும் யந்திரங்கள் வந்தன. தராசுகள் பரணுக்குப் போயின. இப்போது அவற்றைப் பரணிலிருந்து இறக்கிக் கண்ணாடி அலமாரியில் வைக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

"எண்ணு எல்லாம் டஜன் கணக்கு. ஒரு முட்டைய வெச்சா ஒரு டஜன் எத்தினி அவுன்ஸ்னு சொல்லும்" என்றார் ராஜாங்கம்.

"மீதி பதினொண்ணு எங்க?"

"மீதியும் இதே மாதிரி இருக்கும்னு ஒரு நம்பிக்கைதான்."

"பாக்காத பதினொண்ணுக்கும் சேத்து இதுவே பேசுதா? உங்க ஆபீசுல இருந்த பழைய மாட்டு டாக்டர் மாதிரின்னு சொல்லுங்க."

அவர் பேனாவை எடுத்து அதை ஓரத்தில் குறித்துக்கொண்டார். புத்தகத்தில் சேர்ப்பாரோ என்று அவளுக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது.

தராசு கரியாலூருக்கு எப்படி வந்தது என்பது ஐந்தாம் அத்தியாயம். அறுபதுகளில் அரசாங்கத்தார் வெள்ளைக் கோழிக் குஞ்சுகளை மலைக்குக் கொண்டுவந்து கொடுத்தபோது கூடவே வந்திருக்கும் என்பது அவர் ஊகம். குஞ்சுகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. தராசுக்குச் சீக்கு வராது. மலைக்கோழியின் முட்டையை வைத்துப் பார்த்தால் முள் பதினெட்டுக்கு மேல் ஏறாது. சின்ன முட்டை என்று அமெரிக்காக்காரர்கள் பிரித்ததே அந்தப் பதினெட்டிலிருந்துதான் தொடங்குகிறது. கரியாலூரில் கோழி வளர்க்கும் பெரியம்மாள் முள்ளைக் குனிந்து பார்த்துவிட்டு, "எங்க கோழிக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது சார். அது பாட்டுக்குப் போட்டுகினு கெடக்குது" என்றாளாம். அந்த அத்தியாயத்தை அவர் அந்த வாக்கியத்தோடு முடித்திருந்தார். அதைவிட நல்ல முடிவு தனக்குக் கிடைக்கவில்லை என்றார்.

கடைசி அத்தியாயத்தில்தான் சண்டை வந்தது. முட்டைத் தராசு பெரிசு சிறிசு மட்டும் சொல்லாது, ஒரே முட்டையைத் தினம் நிறுத்தால் அதன் வயசையும் சொல்லும் என்றார். முட்டை நாளாக ஆக எடை குறையும் என்பது அவர் கட்சி.

"ஓடு உடையாம எடை எங்க போவும்?" என்றாள் விஜயலட்சுமி. "முள்ளு எறங்குச்சுன்னா தராசு சோந்து போச்சுன்னு அர்த்தம். அதுக்கும் எண்பது வயசு ஆவுது இல்ல. நிக்க முடியல."

பந்தயம் கட்டினார்கள். பெரியம்மாளிடமிருந்து அன்றிட்ட முட்டை ஒன்றைக் கைக்குட்டையில் சுற்றி, மூன்று மணி நேரம் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தார். ஐப்பசி முதல் தேதி காலை, நிறுத்துப் பார்த்து, ஓட்டின் மேல் பென்சிலால் '1-ஐப்பசி-18' என்று தேதியும் எடையும் எழுதிக் குழியில் உட்கார வைத்தார். நாற்பதாம் நாள் முள் பதினாறுக்கு வரும் என்றார். வந்தால் விஜயலட்சுமி முழுப் புத்தகத்தையும் தன் கையெழுத்தில் சுத்தமாகப் படி எடுத்துத் தர வேண்டும். அவர் எழுத்து மருந்துச் சீட்டு எழுத்து, அச்சுக்காரர்கள் தொடமாட்டார்கள். வராவிட்டால் தராசு பரணுக்குப் போகும். இரண்டு பேரும் நோட்டில் கையெழுத்துப் போட்டார்கள்.

அவருக்குக் கண்ணில் புரை. ஆபரேஷனைத் தை மாதம் வைத்துக்கொள்ளலாம் என்றிருந்தார். அதனால் தினம் காலை ஏழு மணிக்கு அவள் கண்ணாடி போட்டுக்கொண்டு முள்ளைப் படிப்பாள். அவர் எதிரே உட்கார்ந்து, "சரியாப் பாத்தியா?" என்பார். "வேணும்னா நீங்களே பாருங்க" என்பாள். இப்படிப் பதினான்கு நாள் நடந்தது.

பதினைந்தாம் நாள் காலை ஏழு மணிக்கு வீட்டில் பன்னிரண்டு பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். விஜயலட்சுமி அவர்களைத் தாண்டிப்போய் முள்ளைப் படித்தாள். வாய்விட்டும் சொன்னாள். எழுத ஆளில்லை என்பது சொன்ன பிறகுதான் தெரிந்தது. பேனாவைத் தேடி எடுத்து அவளே எழுதினாள்.

ஒருவரோடு பந்தயம் கட்டிவிட்டு அவர் போய்விட்டார் என்பதற்காகப் பாதியில் விடுவது சரியல்ல என்று அவளுக்குப் பட்டது. ஜெயித்தால் பரண். தோற்றால் படி எடுக்க வேண்டும். எதுவானாலும் கார்த்திகை பத்தாம் தேதி தெரிந்துவிடும். அதுவரை முட்டையை யாரும் தொடக்கூடாது. அவளுக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான்.

சாவு வீட்டில் அது சின்ன விஷயமில்லை. ராஜாங்கத்தின் அக்கா பெரியநாயகி மூன்றாம் நாளே வீட்டைக் கழுவிவிட வந்துவிட்டாள்.

"இது இன்னாடி விஜயா, முட்டைய நடு வூட்டுல வெச்சினு. நாத்தம் எடுத்தா இன்னா பண்ணுவ?"

"அது அவரு வெச்சது அக்கா. இருக்கட்டும். ரெண்டு வாரமா அதையேதான் பாத்துக்கினு இருந்தாரு."

பெரியநாயகி முட்டையை விட்டுவிட்டுத் தரையைக் கழுவப் போனாள். ஆனால் 'அவரு வெச்சது' என்ற சொல் வீட்டில் பரவியது. மறுநாள் முட்டையின் நெற்றியில் விபூதி இருந்தது. அதற்கு மறுநாள் ஒரு சாமந்திப் பூ. துக்கம் கேட்க வந்த இரண்டு பேர், ராஜாங்கத்தின் படத்தைக் கும்பிட்ட கையோடு முட்டையையும் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். விஜயலட்சுமி தினம் காலை ஆறே முக்காலுக்குப் பூவை எடுத்து, விபூதியை ஊதி, ஏழு மணிக்கு எடை பார்த்தாள். பார்த்த பிறகு பூவைத் திரும்ப வைத்தாள். சாமந்திக்கு முக்கால் அவுன்ஸ் கழிக்கிற வேலை அவளுக்கு வேண்டியிருக்கவில்லை.

கருமாதிக்கு முந்தின நாள், இறந்தவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து இலை போட்டுப் படைப்பார்கள். அது ஐப்பசி இருபத்தெட்டு. அன்று காலை முள் பதினாறரைக்கு ஒரு நூல் மேலே நின்றது. மகள் ஜெயசுதா பெங்களூரிலிருந்து வந்துகொண்டிருந்தாள். கொள்ளி வைத்தவர் ராஜாங்கத்தின் தம்பி பச்சமுத்து. எலவனாசூர்கோட்டையில் கரும்பு போடுகிறவர், எதைச் செய்தாலும் குறை வைக்காதவர். சமையல் பொறுப்பும் அவருடையது. கறிக்குழம்பு, வஞ்சிர மீன் வறுவல், நெத்திலிக் கருவாடு, ஏழு அவித்த முட்டை, ஒரு கட்டு வெற்றிலை, சர்க்கரை தூக்கலாக ஒரு டம்ளர் காபி.

விஜயலட்சுமி தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்தபோது கூடத்தில் யாரும் இல்லை. எல்லோரும் மாடியில் இலைக்கு முன்னால் நின்று காக்கையைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தராசின் குழி காலியாக இருந்தது. முள் பதினைந்துக்கும் கீழே இறங்கி ஓரத்துத் தடுப்பில் முட்டிக்கொண்டிருந்தது. சாமந்திப் பூவை யாரோ பக்கத்தில் பத்திரமாக எடுத்து வைத்திருந்தார்கள்.

ஈரத் தலையோடு மாடிக்குப் போனாள். தூறல். எல்லோரும் மேகத்தைப் பார்த்துக் கா, கா என்று கத்திக்கொண்டிருந்தார்கள். இலையில் ஆறு வெள்ளை முட்டைகள் உரித்து வழவழவென்று இருந்தன. ஏழாவது உரிக்காமல், சிறிதாக, மண் நிறத்தில். அதன் மேல் '1-ஐப்பசி-18'.

யாரும் பார்க்காதபோது அதை எடுத்து முந்தானையில் வைத்துக்கொண்டு கீழே இறங்கினாள். இன்னும் சூடு இருந்தது. குழியில் உட்கார வைத்துக் கண்ணாடியைப் போட்டாள்.

முள் பதினாறில் நின்றது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

குனிந்து முட்டையைத் திருப்பிப் பார்த்தாள். ஓட்டில் ஒரு கீறல். வேகும்போது அதன் வழியே கொஞ்சம் வெள்ளைக் கரு வெளியே போயிருந்தது. அப்படியானால் இந்தப் பதினாறு செல்லாது. ராஜாங்கமே ஒப்புக்கொள்ள மாட்டார். அவர் இறந்ததற்கு எல்லோர் முன்னாலும் அழுது முடித்திருந்தாள். இதற்கு எப்படி அழுவது, யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. பன்னிரண்டு நாள் பாக்கி இருந்தது.

படியில் காலடிச் சத்தம் கேட்டது. பச்சமுத்து இறங்கி வந்தார்.

"அண்ணி, முட்டை ஒண்ணு கொறையுது. ஏழு வெச்சேன், ஆறுதான் கெடக்குது. காக்கா தூக்கிகினு போயிருந்தா பாத்திருப்போம்ல."

"இங்க இருக்கு."

அவர் தராசைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"இன்னா அண்ணி இது, படைச்சத எடுத்துகினு வந்துட்டீங்க. காக்கா வராம மேல அக்கா தவிச்சிகினு இருக்குது. ஏதோ கொறை வெச்சுட்டோம்னு என்னியத்தான் சொல்லிகினு இருக்குது."

"இத ஏன் பச்சமுத்து அவிச்ச?"

"ஆசைப்பட்டத வைக்கணும்னு அக்கா சொல்லிச்சு. ரெண்டு வாரமா இதையேதான் பாத்துக்கினு இருந்தாருன்னு நீங்க சொன்னீங்க. மத்த ஆறும் கடை முட்டை. இது ஒண்ணுதான அண்ணி அண்ணன் முட்டை. உரிக்க மட்டும் மனசு வரல, அவுரு எழுத்து இருக்குதேன்னு உட்டுட்டேன்."

விஜயலட்சுமி யோசித்துப் பார்த்தாள். அதில் எந்த இடத்தில் தப்பு என்று அவளால் காட்ட முடியவில்லை.

"கெட்டுப் போயிருக்கும்னு தோணலையா?"

"அது எப்படி, பாக்காம வைப்பனா? தண்ணில போட்டுப் பாத்தேன். மெதக்கல. மெதந்திருந்தா வெச்சிருக்க மாட்டேன்." அவர் குரலைத் தாழ்த்தினார். "ஆனா ஒண்ணு அண்ணி. கடை முட்டைங்க ஆறும் அடியில படுத்துக்கிச்சு. இது மட்டும் எழுந்து நின்னுக்கிச்சு."

"இன்னாது?"

"நின்னுக்கிச்சு. கூர்முனை கீழ, மொத்தமுனை மேல. சட்டியில நட்டுகினு நின்னுச்சு. எனக்கு ஒரு மாதிரியா ஆயிடுச்சு. கையெடுத்துக் கும்புட்டுட்டுத்தான் அடுப்ப மூட்டினேன்."

கீரை ஆய்ந்த ஒரு சாயங்காலம் விஜயலட்சுமிக்கு ஞாபகம் வந்தது. ஆவணி மாதம், முருங்கைக்கீரை. முதல் அத்தியாயம். தராசு வருவதற்கு முன்னால் முட்டையின் வயசைத் தண்ணீர்தான் சொன்னது என்று ராஜாங்கம் படித்தார். புதுசு படுக்கும், பழசு நிற்கும், கெட்டது மிதக்கும். ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத துளைகள். அவற்றின் வழியே உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போகிறது. போன இடத்தில் காற்று வந்து உட்காருகிறது. அப்போது அவள், இந்தக் கீரையில் பாதி பழுப்பு என்று சொன்னாள்.

ஓடு உடையாமல் எடை போயிருக்கிறது. தராசு சோர்ந்துபோகவில்லை. தராசைத் தொடாத சட்டி ஒன்று, அவியப்போகும் ஒரு நிமிஷத்துக்கு முன்னால், அதைச் சொல்லியிருக்கிறது.

"நல்லா நின்னுச்சா?" என்றாள்.

"நல்லா நின்னுச்சு அண்ணி."

"கூட யாராச்சும் பாத்தாங்களா?"

"அக்கா பாத்துச்சு. அதுவும் கும்புட்டுச்சு."

இரண்டு சாட்சி. அவள் நோட்டை எடுத்து, இருபத்தெட்டாம் நாளுக்கு எதிரே, காலையில் எழுதியதற்குக் கீழே எழுதினாள்: 'பகல் 12.10. எடை 16. அவித்தது, கீறல் உள்ளது, கணக்கில் சேராது. அவிக்கும் முன் தண்ணீரில் நின்றது. பார்த்தவர்கள் பச்சமுத்து, பெரியநாயகி. விஜயலட்சுமி தோற்றாள்.' கீழே கையெழுத்துப் போட்டாள். பச்சமுத்து அதைப் படிக்காமல், பெரிய விஷயம் ஏதோ நடக்கிறது என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

முட்டையை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். "கொண்டு போய் வை. நானும் வரேன்."

ஏழாவது முட்டை இலைக்குப் போனது. தூறல் விட்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஒரு காக்கை வந்து உட்கார்ந்தது. கழுத்தைச் சாய்த்துக் கூட்டத்தைப் பார்த்தது. "வந்துட்டான், எந்தம்பி வந்துட்டான்" என்று பெரியநாயகி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். காக்கை இறங்கி, முட்டைகளைச் சுற்றி ஒரு நடை நடந்து, வஞ்சிரத் துண்டைக் கவ்விக்கொண்டு பறந்துபோனது.

பச்சமுத்து அது போன திசையையே பார்த்தார். "முட்டை அலுத்துப் போச்சு போல இருக்குது அண்ணனுக்கு" என்றார்.

அவர் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. யாரும் சிரிக்கவும் இல்லை. விஜயலட்சுமிக்கு மட்டும் வந்துவிட்டது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாள் என்று நினைத்துப் பெரியநாயகி அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

கருமாதி முடிந்து எல்லோரும் ஊருக்குப் போனார்கள். கூட வந்துவிடச் சொன்ன ஜெயசுதாவிடம், ஒரு வேலை இருக்கிறது, முடித்துவிட்டு வருகிறேன் என்றாள். கார்த்திகை முதல் தேதி காலை ஏழு மணிக்கு ஒரு புது நோட்டை எடுத்து, நூலகத்தில் பதிவேடு எழுதுகிற கையெழுத்தில், 'முட்டைத் தராசின் வரலாறு' என்று எழுதினாள். தராசு எதிரே காலியாக இருந்தது. பரணுக்குப் போகிற கவலை அதற்கு இல்லை.

முதல் அத்தியாயத்தில் மூன்றாம் பக்கத்தில் தண்ணீர் வந்தது. புதுசு படுக்கும், பழசு நிற்கும், கெட்டது மிதக்கும். எழுதிக்கொண்டு வரும்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவர்கள் கட்டிய பந்தயத்தை ஒரு சொம்புத் தண்ணீரில் ஒரே நிமிஷத்தில் தீர்த்திருக்கலாம். அதற்கு எதற்கு நாற்பது நாள், நாற்பது காலை, அவள் கண்ணாடி?

அந்தப் பத்திக்குப் பக்கத்தில், ஓரத்தில், பென்சிலால் பொடியாக ஏதோ இருந்தது. கண்ணில் புரை உள்ளவர் எழுதியது, கோடு விட்டுக் கோடு தாவியிருந்தது. விளக்கைப் போட்டுப் படித்தாள்.

'ஐப்பசி 1. விஜயாவுக்கு இந்த இடம் ஞாபகம் இல்லை. நினைவூட்ட வேண்டாம்.'

படி எடுப்பவர் மூலத்தில் இருப்பதில் எதையும் விடக்கூடாது. ஓரத்தில் இருப்பதை ஓரத்திலேயே எழுத வேண்டும். அவள் புது நோட்டின் ஓரத்தில் இடம் பார்த்து அதையும் எழுதினாள், தேதியோடு.